எவனும் ஜெயிக்கக் கூடாத தேர்தல்

நாட்டின் பெயரைச் சொல்லமாட்டேன். சொல்லமாட்டேன் என்று ஆங்கிலத்தில் ஒரு தாளிலும் அரபியில் ஒரு தாளிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்த அச்சகம் இன்று இல்லை. கையெழுத்து வாங்கிய மேனேஜர் பாலக்காட்டுப் பக்கம் ரப்பர் தோட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறார். போதாக்குறைக்கு, நாங்கள் அடித்த ஒவ்வொரு வாக்குச்சீட்டின் தலையிலும் அந்த நாட்டின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. இருந்தாலும் பேச்சு மாறக்கூடாது. மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு நாடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ராஸ் அல் கைமாவில் ஓர் அச்சகத்தில் எனக்கு வேலை. பிளேட் ரூமில் இருந்தேன். கம்ப்யூட்டரில் தயாரான பக்கத்தை அச்சுத் தகடாக்கி மெஷினுக்கு அனுப்பும் இடம் அது. பாங்குகளுக்கு செக் புத்தகம், பள்ளிக்கூடங்களுக்குப் பரீட்சைத் தாள், மீதி நேரத்தில் பக்கத்து ஃபாக்டரிக்கு டைல்ஸ் கேட்லாக். சிமென்ட் லாரி போகும் ரோடு என்பதால், பேப்பரில் தூசி விழாமல் பார்த்துக்கொள்வதே பாதி வேலை.

ஒரு நாடு தன் வாக்குச்சீட்டைத் தன் ஊரில் அடிக்காமல் ஏன் கடல் தாண்டி அனுப்புகிறது என்று முதலில் எனக்கும் புரியவில்லை. மேனேஜர்தான் விளக்கினார். அங்கே இருக்கும் ஒவ்வொரு அச்சகமும் யாராவது ஒரு அரசியல்வாதியின் மச்சினனுடையதாம். ஒரு கட்சி நம்பும் அச்சகத்தை இன்னொரு கட்சி நம்பாது. ஆகவே, அந்த நாட்டைப் பற்றி எதுவுமே தெரியாதவர்கள் அடித்துக் கொடுத்தால் எல்லோருக்கும் நிம்மதி. எங்களில் யாருக்கும் அது வரைபடத்தில் எந்த மூலையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அந்தத் தகுதியில் எங்களுக்குக் கிடைத்த ஆர்டர் அது.

தகுதியை மட்டும் நம்பிவிடவில்லை. பையில்லாத சட்டையும் பேண்ட்டும் புதிதாகத் தைத்துக் கொடுத்தார்கள். மொபைலை வாசலில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். வீணான தாளைக்கூட எண்ணி, எல்லோர் கண் முன்னாலும் மெஷினில் போட்டுக் கிழித்தார்கள். இதையெல்லாம் பார்க்க அந்த நாட்டிலிருந்து மூன்று பேர் வந்து இறங்கினார்கள். தேர்தல் கமிஷன் அதிகாரி ஒருவர்; அவர் வாயைத் திறக்கமாட்டார். ஆளுங்கட்சி சார்பில் ஒரு வக்கீல். அந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றமாட்டார். எதிர்க்கட்சி சார்பில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர். தலையில் அழகாக ஒரு துணி கட்டியிருப்பார், நாங்கள் டீச்சரம்மா என்று சொல்வோம். வக்கீலும் டீச்சரம்மாவும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. இரண்டு நாற்காலியையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, நாள் முழுவதும் உட்கார்ந்து பேசாமல் இருந்தார்கள். அதற்கும் ஒரு பயிற்சி வேண்டும்.

இனி அண்ணாச்சி. என் பக்கத்து சீட். சிவகாசிக்காரர், எனக்கும் அதே ஜில்லா. சாமி காலண்டர், கல்யாணப் பத்திரிகை, கட்சி போஸ்டர் என்று படத்தைச் சீர்செய்வதிலேயே பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, தலை நரைத்த பிறகு கல்ஃபுக்கு வந்தவர். இங்கிலீஷ் வராது. ஆனால் ஒரு முகத்தை அவர் கையில் கொடுத்தால் பருவைத் துடைத்து, கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையத்தை எடுத்து, ஆளை மாப்பிள்ளை மாதிரி ஆக்கிவிடுவார். சிவகாசியில் யாரும் அவரிடம் இதைச் செய் என்று சொல்ல வேண்டியதில்லை. செய்யாவிட்டால்தான் கேட்பார்கள். எங்கள் ஜில்லாவில் நாங்கள் எல்லோரும் நல்ல கருப்பு. எங்கள் ஜில்லா போஸ்டரில் மட்டும் யாரும் கருப்பு கிடையாது.

அதிபர் தேர்தலுக்கான வாக்குச்சீட்டு. ஏழெட்டு வேட்பாளர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கலர் போட்டோ, பெயர், சின்னம், பக்கத்தில் பெருவிரல் வைக்க ஒரு கட்டம். சி.டி.யில் வந்த போட்டோக்களில் எதிர்க்கட்சித் தலைவரின் படம்தான் மோசம். யாரோ மர நிழலில் நிற்க வைத்து எடுத்திருக்கிறார்கள். அண்ணாச்சி அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். நான் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது அவர் சாப்பிடாமல் உட்கார்ந்து வேலையை முடித்திருந்தார். எதிர்க்கட்சித் தலைவர் குருபூஜை போஸ்டரில் வருகிற மாதிரி தகதகவென்று இருந்தார். மற்ற வேட்பாளர்களின் படம் சுமாராக இருந்ததால் அவர்களை விட்டுவிட்டார். அவருக்கு அன்று நேரம் இருந்திருந்தால் எல்லோரையும் ஒரே மாதிரி வெளுத்திருப்பார், ஒரு பிரச்சினையும் வந்திருக்காது.

மறுநாள் புரூஃப் பார்க்கும் சடங்கு. மேசையில் சீட்டை விரித்து வைத்தார்கள். வக்கீல் முதலில் தன் தலைவரைப் பார்த்தார், திருப்தி. பிறகு கண் கீழே இறங்கியது, நின்றது. டீச்சரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

“யார் இவர்?” என்று கேட்டார்.

“உங்கள் தலைவர் அம்மா” என்றேன். பெயர் பக்கத்திலேயே இருந்தது.

“பெயர் அவருடையதுதான். முகம் யாருடையது?”

அதற்குள் வக்கீல் எழுந்துவிட்டார். வாக்குச்சீட்டிலேயே எதிர்க்கட்சிக்குப் பிரசாரம் நடக்கிறது, காசு கொடுத்து ஆளை அழகாக்கியிருக்கிறார்கள், இதை நான் விடமாட்டேன் என்றார். டீச்சரம்மா மேனேஜர் பக்கம் திரும்பி, காசு கொடுத்து எங்கள் தலைவரை அலங்கோலம் பண்ணியிருக்கிறார்கள், இதை நான் விடமாட்டேன் என்றார். இருவருமே அதைச் செய்த ஆளைக் காட்டச் சொன்னார்கள். எதிரும் புதிருமான இரண்டு குற்றம், குற்றவாளி ஒருவர்.

அண்ணாச்சி வந்து நின்றார். மேனேஜருக்கு முகம் சிவந்திருந்தது.

“எந்தா இது? யார் சொல்லிச் செஞ்சீங்க?”

“யாரும் சொல்லல சார். மொகம் எடுப்பாவே இல்ல. ஓட்டு கேக்குற மொகம் இருட்டா இருந்தா சனம் எப்படிப் போடும்? கருப்பக் கொஞ்சம் கொறச்சேன். அவ்வளவுதான்.”

இதை நான் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். எதிரே நிற்பவர்கள் இருவரும் என்னைவிட நல்ல கருப்பு. ‘எங்கள் ஊர் வழக்கப்படி மரியாதைக்காகச் செய்தார்’ என்று சொல்லி முடித்துக்கொள்ளப் பார்த்தேன். டீச்சரம்மா விடவில்லை. முப்பது நாற்பது வருஷம் பிள்ளைகளின் பொய்யைக் கேட்டவர்.

“அவர் தன் போட்டோவையும் இப்படித்தான் செய்துகொள்வாரா என்று கேளுங்கள்.”

கேட்டேன். அண்ணாச்சி ஆச்சரியப்பட்டார். “பின்ன? எங்க கல்யாணப் போட்டோவ நாந்தானே சரி பண்ணேன். எனக்கும் சரி, அவளுக்கும் சரி, ரெண்டு பேருக்கும் கொறச்சேன்.”

அதை அப்படியே சொன்னேன். டீச்சரம்மா கண்ணாடியைக் கழற்றினார். கோபம் போய், அவர் கண்ணில் ஏதோ பரிதாபம் மாதிரி ஒன்று வந்தது. எனக்குக் கோபத்தைத் தாங்கிக்கொள்ள முடிந்திருக்கும். இது முடியவில்லை. வெட்கமாக இருந்தது.

பிறகு அவர் தன் கைப்பையைத் திறந்து மடித்த துணி ஒன்றை எடுத்தார். அவர்கள் நாட்டில் தலைவரின் முகத்தைத் துணியிலேயே அச்சடித்து, சட்டையும் பாவாடையுமாகத் தைத்துப் போட்டுக்கொள்வார்களாம். துணியில் தலைவர் கருகருவென்று சிரித்துக்கொண்டிருந்தார். “எங்கள் கிராமங்களில் பெயரை வாசிக்கத் தெரியாதவர் பலர். முகத்தைத் தேடுவார்கள், பக்கத்துக் கட்டத்தில் பெருவிரலை வைப்பார்கள். முகம் மாறினால் விரல் அடுத்த கட்டத்துக்குப் போய்விடும்” என்றார். அண்ணாச்சியின் நாற்காலிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். துணியைக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் பிடித்தார். இன்னும், இன்னும் என்றார். அண்ணாச்சி எடுத்த கருப்பை எல்லாம் திருப்பி வைத்தார். ஆள் கம்பீரமாகத் தெரிய ஆரம்பித்த உடனே பின்னால் நின்ற வக்கீல் போதும் என்றார். டீச்சரம்மா வேண்டுமென்றே கொஞ்சம் கூட்டச் சொன்னார். வக்கீல் கொஞ்சம் குறைக்கச் சொன்னார். மூக்கு ஓரத்து நிழலுக்கு மட்டும் அரைமணி நேரம் ஆனது. சாயங்காலம் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

“தம்பி, இந்தம்மாவுக்கு என்னா கண்ணு பாத்தியா?” என்றார் அண்ணாச்சி என்னிடம். “எங்க பழைய மொதலாளிக்குக்கூட இப்படி நெறம் தெரியாது.” தனக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்று அவருக்கு அப்போதும் உறைக்கவில்லை.

மேனேஜர் அவரைக் கேபினுக்குக் கூப்பிட்டார். கூடவே நானும் போனேன். மேனேஜர் கத்தவில்லை. கத்தினால் பயமில்லை, கத்தாவிட்டால்தான் பயம். “ஆர்டர் முடியட்டும். முடிஞ்ச மறுநாள் விசா கேன்சல். கலாஸ்” என்றார். உடனே அனுப்பாததற்குக் கருணை காரணமில்லை. யார் யார் இந்த வேலையில் இருப்பார்கள் என்று போலீஸில் விசாரித்துத் தேர்தல் கமிஷனுக்குப் பெயர் கொடுத்தாகிவிட்டது. ஆர்டர் முடியும்வரை ஒரு ஆளையும் மாற்றக்கூடாது என்பது ஒப்பந்தம்.

கேபினை விட்டு வெளியே வந்ததும் அண்ணாச்சி தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

“வேல போனாப் போவுது தம்பி. அவ வர்றாளே.”

அவர் மனைவி வருவதற்குக் கம்பெனி பேரில் விசிட் விசா எடுத்தாகிவிட்டது. இத்தனை வருஷத்தில் மதினி ஒரு தடவைகூட இங்கே வந்ததில்லை. எங்களை மாதிரி லேபர் கேம்ப்பில் கிடப்பவனுக்கு யார் விசிட் விசா கொடுப்பார்கள்? மேனேஜர் ஏதோ நல்ல மூடில் இருந்தபோது கேட்டு வாங்கியது. திருநெல்வேலிக் குடும்பம் ஒன்று வாடகைக்கு இருந்த வில்லாவில் ஒரு அறையை ஒரு மாதத்துக்குப் பேசி, கட்டில் வாங்கிப் போட்டு, ஜன்னலுக்குத் திரைகூட மாட்டிவிட்டார். திரையின் நிறத்துக்கு என்னைக் கடைகடையாக அலைய விட்டார். அவர் விசா கேன்சல் ஆனால் கம்பெனி எடுத்த விசிட் விசாவும் கேன்சல். டிக்கெட் தேதியோ தேர்தல் முடிந்து இரண்டு வாரம் கழித்து.

ஆர்டர் எப்போது முடிகிறது என்று ஒப்பந்தத்தில் தெளிவாக இருந்தது. அதிபர் யார் என்று அறிவித்ததும் முடிகிறது. அதற்குப் பின்னால் ஒரு வரி இருந்தது. இரண்டாம் சுற்று வந்தால் அதற்கும் சீட்டு நாங்களே அடிக்க வேண்டும். அதை அண்ணாச்சிக்கு விளக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

“அதிகமா வாங்குனவன் ஜெயிச்சான். இதுல என்னத்துக்கு இன்னொரு தடவ?”

“அங்க அப்படியில்ல அண்ணாச்சி. போட்ட ஓட்டுல பாதிக்கு மேல வாங்கணும். ஏழெட்டு பேரு நிக்காங்கல்ல, ஓட்டு செதறி யாருமே பாதியத் தாண்டலன்னு வைங்க. மொத ரெண்டு எடத்துல வந்தவங்க மட்டும் மறுபடியும் நிப்பாங்க.”

“நம்ம ஊருல அப்படி இருந்தா ஒருத்தனும் எம்.எல்.ஏ. ஆக முடியாதே.”

“ஆக முடியாது.”

“அப்ப மறுபடியும் சீட்டு அடிக்கணும்.”

“ஆமா.”

“இங்கதான அடிப்பாங்க?”

“இங்கதான்.”

“நாமதான?”

“ஆளை மாத்தக்கூடாதே.”

அண்ணாச்சி எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். “அப்ப எவனும் ஜெயிக்கக் கூடாது” என்றார்.

சீட்டுகள் சீல் வைத்த பெட்டிகளில் விமானம் ஏறின. வக்கீலும் டீச்சரம்மாவும் ஓட்டுப் போடப் போனார்கள். தேர்தல் நாள் வந்தது, போனது. நாங்கள் டூட்டி முடிந்ததும் டவுனில் ஒரு மலையாளி நடத்திய நெட் கஃபேயில் போய் உட்கார்ந்தோம். அந்த நாட்டில் ஒரு நல்ல வழக்கம், சீட்டை வேறெங்கும் கொண்டுபோவதில்லை. ஓட்டுப் போட்ட இடத்திலேயே, ஜனங்கள் சுற்றி நிற்க, ஒவ்வொரு சீட்டையும் தூக்கிக் காட்டி எண்ணிவிடுகிறார்கள். ஆனால் எண்ணியதைத் தலைநகரில் கூட்டி அறிவிப்பதற்குள் நமக்கு உயிர் போய்விடுகிறது. ஆளுங்கட்சி வேட்பாளர் பாதியைத் தாண்டி நின்றார். அண்ணாச்சிக்கு சாப்பாடு இறங்கவில்லை.

“எந்த ஜில்லா பாக்கி?” என்று கேட்பார்.

“வடக்குல கொஞ்சம்.”

“வடக்குல யாருக்கு செல்வாக்கு?”

எனக்கு எப்படித் தெரியும்? படித்துப் பார்த்துச் சொன்னேன். வடக்கில் டீச்சரம்மாவின் கட்சிக்குச் செல்வாக்கு. அண்ணாச்சி தெம்பானார். அடுத்த நாள் டீச்சரம்மாவின் தலைவர் கிடுகிடுவென்று ஏறியதும், “இவன் எங்க இப்படிப் போறான், இவனும் பாதியத் தாண்டிருவானோ” என்று அவர் மேலும் கோபம் வந்துவிட்டது. கடைசியில் அவர் பிரியம் எல்லாம் டெபாசிட்கூடத் தேறாத சின்ன வேட்பாளர்கள் மேல் போய் விழுந்தது. அவர்கள் வாங்கும் நூறும் இருநூறும்தான் பெரியவர்கள் இருவரையும் பாதிக்குக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தன. கண்ணாடி போட்ட ஒரு பாதிரியார் கடைசி இடத்துக்கு முந்தின இடத்தில் இருந்தார். அவருக்கு எங்கேயாவது நாலு ஓட்டுக் கூடினால் அண்ணாச்சி என் தொடையில் அடிப்பார்.

கடைக்கார மலையாளிக்குத் தாங்கவில்லை. “பாய், ஆப் கிஸ்கா பார்ட்டி?” என்று, நீங்கள் யார் கட்சி என்று, அண்ணாச்சியை இந்தியில் கேட்டார்.

“கோயி நஹி ஜீத்னா சாஹியே” என்றார் அண்ணாச்சி. யாரும் ஜெயிக்கக் கூடாது. மலையாளி அதற்குப் பிறகு எங்களிடம் அரசியல் பேசவில்லை. ஒரு மலையாளியை அரசியல் பேசாமல் வைத்தவர் என்று அண்ணாச்சியை நான் இன்றும் பெருமையாகச் சொல்வதுண்டு.

முடிவை அறிவித்தார்கள். ஆளுங்கட்சிக்காரர் முதலில் வந்திருந்தார், ஆனால் பாதியைத் தொட மயிரிழை மிச்சம். இரண்டாம் சுற்று. அங்கே தெருவில் இறங்கி டயரைக் கொளுத்தினார்கள் என்று செய்தியில் காட்டினார்கள். கடைகளை மூடினார்கள். ஒரு நாடே முடிவு தெரியாமல் தவித்த அன்று, ராஸ் அல் கைமாவில் அண்ணாச்சி எனக்கு அவகாடோ ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். நான் குடித்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. டயர் எரிவதைப் பார்த்ததும் சந்தோஷம் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான்.

இரண்டாம் சுற்றுக்கு அவகாசம் குறைவு. இந்தத் தடவை பஸ்ஸில் கேம்ப்புக்குப் போய் வருவதெல்லாம் கிடையாது. உள்ளேயே பாய் போட்டுப் படுக்க வேண்டும், சீல் வைத்த பெட்டிகள் கேட்டைத் தாண்டும்வரை ஒருவரும் வெளியே போகக்கூடாது என்று உத்தரவு. வக்கீலும் டீச்சரம்மாவும் ஒரே விமானத்தில் வந்து பேசாமல் இறங்கினார்கள். டீச்சரம்மா வந்ததும் அண்ணாச்சி எங்கே என்று தேடினார். சீட்டில் இரண்டே முகம். அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு, வந்த படத்தை வந்தபடியே வைத்தார். ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை. எதிர்க்கட்சித் தலைவரின் கன்னத்தில் ஈ மாதிரி ஒரு தூசி இருந்தது. அதை எடுக்கலாமா என்று வக்கீலிடமும் டீச்சரம்மாவிடமும் தனித்தனியாகக் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டுதான் எடுத்தார்.

மதினியின் விமானம் நாங்கள் உள்ளே அடைபட்டிருந்த வாரத்தில் வந்தது. திருவனந்தபுரத்திலிருந்து ஷார்ஜாவுக்கு, காலையில். மேனேஜரைக் கேட்டதற்குப் பைத்தியமா என்றார். வில்லாக்காரர் டாக்ஸியில் போய்க் கூட்டி வந்துவிடுவார் என்று நான் தேற்றினேன். அண்ணாச்சி கேட்கவில்லை. “அவ விமானமே ஏறுனதில்ல தம்பி. வெளிய வந்து நாலு பக்கமும் பாப்பா. நான் நிக்கணும்ல?” என்றார். அழவில்லை. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருப்பதுபோல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் டீச்சரம்மாவிடம் போனேன். அவர் கேட்டுவிட்டு, எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் இரு கட்சியும் சம்மதிக்க வேண்டும், வக்கீலிடம் நான் பேசுவதில்லை, நீங்களே கேளுங்கள் என்றார். வக்கீல் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். ஒரு எட்டு வைத்து அவரிடம் போய்த் திரும்பவும் முதலிலிருந்து சொன்னேன். வக்கீல் யோசித்தார். போகலாம் என்றார். ஆனால் இரு கட்சிப் பிரதிநிதிகளும் கூடவே வருவார்கள். அண்ணாச்சி யாரிடமும் எதையும் கொடுக்கக்கூடாது, வாங்கக்கூடாது, யாரையும் தொடக்கூடாது. கை இரண்டும் பின்னால் இருக்க வேண்டும். பேசுவதை எல்லாம் நான் வரிக்கு வரி மொழிபெயர்க்க வேண்டும். இதை ஒரு எட்டு திரும்பி வைத்து டீச்சரம்மாவிடம் சொன்னேன். தேர்தல் கமிஷன் அதிகாரி அத்தனை நாளில் முதல் தடவையாக வாயைத் திறந்து, சரி என்றார். பிரதிநிதிகள் இல்லாமல் மெஷின் ஓடக்கூடாது என்பதால், மெஷினைக் கழுவும் நேரத்தைக் காலைக்கு மாற்றினார்கள். மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையில் அடுத்த கேன்சல் யாருடையது என்று தெரிந்தது.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். வேலை முடிந்த மறுநாள் அண்ணாச்சியின் விசாவைக் கேன்சல் செய்தார்கள். மேனேஜர் சொன்ன சொல் தவறாதவர். கிளம்பக் கொடுத்த அவகாசத்தில் மதினியோடு அந்த வில்லா அறையில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, இருவரும் ஒன்றாக ஊருக்குப் போனார்கள். அந்த நாட்டில் யார் ஜெயித்தார் என்று சொன்னால் எந்த நாடு என்று தெரிந்துவிடும். ஆகையால் சொல்ல முடியாது.

ஷார்ஜா ஏர்போர்ட்டில் நாங்கள் நின்ற கோலத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் வரும், வேறொன்றும் வரும். பையில்லாத நீலச் சட்டையில் அண்ணாச்சி, கை இரண்டும் முதுகுக்குப் பின்னால். ஒரு பக்கம் கோட்டு போட்ட வக்கீல், ஆறடிக்கு மேல். இன்னொரு பக்கம் தலைக்கட்டோடு டீச்சரம்மா, அவரும் உயரம்தான். மொழிபெயர்க்க நான். கொஞ்சம் தள்ளி வில்லாக்காரர், எங்களைத் தெரியாதவர் மாதிரி.

மதினி டிராலியைத் தள்ளத் தெரியாமல் கோணல்மாணலாகத் தள்ளிக்கொண்டு வந்தார். புதுச் சேலை, அதன் மேல் யாரோ ஏசி குளிரும் என்று சொல்லிக் கொடுத்த ஸ்வெட்டர். கயிறு கட்டிய அட்டைப் பெட்டியில் அண்ணாச்சியின் பெயரைப் பெரிதாக எழுதியிருந்தார்கள். அவர் சொன்ன மாதிரியே வெளியே வந்து நாலு பக்கமும் பார்த்தார். பார்த்துவிட்டார். சிரித்தார். அப்புறம் இரண்டு பக்கமும் நின்றவர்களைப் பார்த்தார், பின்னால் போயிருந்த கையைப் பார்த்தார். டிராலி நின்றது.

“என்ன செஞ்சீங்க?” என்றார். இத்தனை தூரம் வந்து கணவனிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது.

“என்ன செய்தீர்கள் என்று கேட்கிறார்” என்று நான் இங்கிலீஷில் சொன்னேன். வக்கீல் தலையாட்டினார்.

“ஒண்ணும் செய்யல. கருப்பக் கொஞ்சம் கொறச்சேன்” என்றார் அண்ணாச்சி. அதையும் சொன்னேன்.

“போலீஸ்காரங்களா?”

“கட்சிக்காரங்க. ரெண்டு கட்சி.”

மதினி நம்பவில்லை. எப்படி நம்புவார்? கட்சிக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்து ஒரு ஆளை ஏர்போர்ட்டுக்குக் கூட்டி வருவதை எங்கள் ஜில்லாவில் யார் பார்த்திருக்கிறார்கள்? கையைக் கட்டிவிட்டார்கள் என்றே நினைத்தார். “அவர விட்டுருங்கய்யா, அவருக்கு ஒண்ணும் தெரியாதுய்யா” என்று வக்கீலைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு அழ ஆரம்பித்தார். அண்ணாச்சி, “அழாத, அழாத, கை சும்மாதான் இருக்கு” என்று திரும்பி நின்று விரலை ஆட்டிக் காட்டினார். கையை மட்டும் முன்னால் கொண்டுவரவில்லை. நான் வரிக்கு வரி சொல்லிக்கொண்டே வந்தேன். அவரை விட்டுவிடுங்கள், அவருக்கு ஒன்றும் தெரியாது என்பதையும் சொன்னேன். வக்கீல் குனிந்து தன் ஷூவைப் பார்த்தார்.

“இவர்கள் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று?” என்று டீச்சரம்மா கேட்டார்.

“இரண்டு வருஷத்துக்கு மேல்” என்றேன்.

டீச்சரம்மா அண்ணாச்சியின் தலைக்கு மேலாக வக்கீலைப் பார்த்தார். எனக்குத் தெரிந்து அவர் வக்கீலிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

“நீங்கள் அந்தப் பக்கம் திரும்புங்கள். நான் இந்தப் பக்கம் திரும்புகிறேன்.”

“விதியில் அதற்கு இடமில்லை, மேடம்.”

“திரும்பக்கூடாது என்றும் விதியில் இல்லை.”

வக்கீல் கோட்டுப் பித்தானை ஒருமுறை போட்டார், கழற்றினார். அப்புறம் கார் பார்க் பக்கம் திரும்பி நின்றார். டீச்சரம்மா காபிக் கடைப் பக்கம் திரும்பி நின்றார். எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும் திரும்பிக்கொண்டேன். பின்னால் பேச்சே இல்லை. ஆகவே மொழிபெயர்க்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து வில்லாக்காரர் வந்து மதினியை டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு போனார். நாங்கள் வேனில் வந்தோம். யாரும் பேசவில்லை, ஆனால் அது வழக்கமான பேசாமை இல்லை.

அச்சகத்து வாசலில் வக்கீல் மறுபடியும் வக்கீல் ஆனார். அண்ணாச்சியை நிறுத்தி, இரண்டு கையையும் விரித்துக் காட்டச் சொன்னார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். வெளியிலிருந்து எதையும் கொண்டுவரவில்லை என்று செக்யூரிட்டியிடம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கீழே டீச்சரம்மாவும் போட்டார். அண்ணாச்சி விரித்த கை இரண்டையும் இறுக மூடிக்கொண்டு உள்ளே போனார்.